நடுக்கம் என்றொரு குறிச்சொல்

குறையே இல்லாத மாப்பிள்ளை என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வரும். குறையில்லாத மனிதன் இந்த யாழ்ப்பாணத்தில் இன்னும் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் அவனுக்கு ஒரு குறையைக் கண்டுபிடிக்காமல் விட்டிருக்க மாட்டார். ஆனால் தெல்லிப்பழையில் சிவகரனைப் பற்றி விசாரித்தால் பக்கத்து வீடு, பின்வளவு, கோயில் ஐயர், தெருமுடக்குக் கடைக்காரர் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "தங்கமான பெடியன்." அத்தனை பேரும் ஒரே மாதிரிச் சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது.

நான் கேதீஸ்வரி. அச்சுவேலிப் பக்கம் ஒரு கூட்டுறவுக் கடையில் கனகாலம் வேலை செய்தவள். சாக்கின் மேல் 'சம்பா' என்று துண்டு ஒட்டியிருந்தாலும், உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்க்காமல் அதை இறக்க விட்டதில்லை. ஊரில் யாருக்காவது சம்பந்தம் வந்தால், "கேதீசக்காவிட்டைச் சொல்லி ஒருக்கா விசாரியுங்கோ" என்பார்கள். நான் விசாரித்து நின்றுபோன கலியாணங்களும் உண்டு. நின்றது நல்லதுக்குத்தான் என்று பிறகு சொன்னார்கள். அப்படிச் சொல்லாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் என்னோடு கதைப்பதில்லை.

ஊருக்கே விசாரித்துக் கொடுத்தவள் சொந்தப் பிள்ளைக்குச் சும்மா இருப்பேனா? வினோஜா எனக்கு ஒரே மகள். புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். சாதகம் பொருந்தி, பெண் பார்த்து, இரண்டு பக்கமும் சரி சொல்லியாயிற்று. தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைப்பதுதான் பாக்கி. அவளுக்குச் சிவகரனைப் பிடித்துவிட்டது. வாய் திறந்து சொல்லவில்லை. தோசை சுடும்போது பாட்டு முணுமுணுத்தாள். அது போதும் எனக்கு. அதனால்தான் பயமும் கூடியது. பிடிக்காத மாப்பிள்ளை பிழையாகப் போனால் கையைக் கழுவிவிடலாம். பிடித்தவன் பிழையாகப் போனால் என் பிள்ளை உடைந்துபோவாள்.

என் மனுசன் பஞ்சலிங்கத்துக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. வெளுத்ததெல்லாம் பால் அவருக்கு. "நல்ல பெடியன், விடு" என்று ஒரு சொல்லோடு முடித்துவிட்டார். வர வர அவருடைய போக்கும் எனக்குப் பிடிக்கவில்லை. திடீரென்று தாடி வளர்க்கத் தொடங்கினார். முருகனுக்கு நேர்த்திக்கடனாம், என்ன நேர்த்தி என்று கேட்டால் சொல்லக்கூடாதாம். வைகாசி வெக்கையிலும் தோளில் சால்வை. அதற்குள் வலக்கையை விட்டுக்கொண்டு பெரிய தர்மகர்த்தா மாதிரி நடப்பு. இடைக்கிடை "ஒரு அலுவல்" என்று வினோஜாவின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறித் தெல்லிப்பழைப் பக்கம் போவார். அலுவல் எனக்குத் தெரியாதா? அங்கேதான் அவருடைய தங்கச்சி இருக்கிறாள். வினோஜா பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கில் சபை நடுவில் என் முகத்தை முறித்தவள். அன்றோடு போக்குவரத்தை நிறுத்தினேன். தகப்பனும் மகளும் களவாகப் போய் அவள் சமைத்ததைத் தின்றுவிட்டு வருகிறார்கள் என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். கலியாணம் முடியட்டும், அப்புறம் பேசிக்கொள்கிறேன் என்று பொறுத்திருந்தேன்.

இப்படி இருக்கையில் ஒரு பின்னேரம் வினோஜா கைத்தொலைபேசியை என் முன்னால் நீட்டினாள்.

"அம்மா, இவர் என்னெல்லாம் வாசிக்கிறார் எண்டு பாருங்கோவன்."

அது ஒரு இணையத்தளம். வாசித்த பக்கம் பிடித்திருந்தால் அதன் இணைப்பை அங்கே சேர்த்துவிட்டு, அது எதைப் பற்றியது என்று ஒன்றிரண்டு குறிச்சொற்கள் போட வேண்டுமாம். பிறகு ஒரு குறிச்சொல்லைத் தொட்டால், அது போட்ட பக்கங்களெல்லாம் வந்து நிற்குமாம். வினோஜாவும் வேறு பள்ளிக்கூட ஆசிரியர்களும் பாடத்துக்கு வேண்டியதை அதில்தான் சேர்க்கிறார்கள். 'தரம்8', 'காந்தம்', 'இலை' என்று குறிச்சொல் போட்டால் ஒருவர் தேடியது மற்றவருக்கும் உதவும். சிவகரனுக்கு அவள்தான் அதைக் காட்டினாளாம். ஆக, தாலி ஏறுமுன்பே சாமான் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

"இதை ஆரும் பாக்கலாமோ பிள்ளை?"

"பூட்டி வைக்காட்டி ஆரும் பாக்கலாம்."

"அவன் பூட்டேல்லையோ?"

"ஏன் பூட்டுறது? உதுக்குள்ளை என்ன கிடக்கு?"

என்ன கிடக்கு என்று பார்க்கத்தானே நான் இருக்கிறேன். தளத்தின் பெயரையும் அவன் அதில் வைத்திருந்த பெயரையும் மனதில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த நாள் அவள் பள்ளிக்கூடம் போனதும், அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு என் போனில் அதைத் திறந்தேன். பக்கத்தின் ஓரத்தில் அவனுடைய குறிச்சொற்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதற்குள் எத்தனை பக்கம் என்று ஒரு எண். 'கூரை', 'சீமெந்து' சரி. அவன் கட்டிடப்படம் வரைகிறவன். 'கிரிக்கெட்' எல்லாப் பெடியங்களுக்கும் உள்ளது. 'கணவாய்க்கறி' என்று ஒன்று. கலியாணம் கட்டாதவனுக்கு எதற்குக் கணவாய்க்கறி? தாய் சமைத்துப் போடுவதில்லையா? அதையும் மனதில் போட்டுவைத்தேன்.

எல்லாவற்றிலும் பெரிய எண் 'நடுக்கம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருந்தது.

முதலில் நிலநடுக்கம் என்றுதான் நினைத்தேன். வீடு கட்டுகிறவர்களுக்கு அதுவும் தேவைதானே. தொட்டுப் பார்த்தேன். 'கை நடுக்கத்தின் ஆரம்ப அறிகுறிகள்.' 'பாக்கின்சன் நோய்: மருந்தை எப்போது தொடங்குவது?' 'நடுக்க நோய் பரம்பரையாக வருமா?' 'நோயாளி உள்ள வீட்டின் குளியலறையில் கைபிடி பொருத்துவது எப்படி?' விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. அடுப்பில் சோறு அடிப்பிடித்து மணத்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது.

நோயாளி உள்ள வீடு. இதைத்தான் தெல்லிப்பழை முழுவதும் சேர்ந்து மறைத்திருக்கிறது.

பெண் பார்க்க வந்த அன்று சிவகரனின் தகப்பன் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சூடு தாங்காமல் அப்படிப் பிடிக்கிறார் என்று அன்று நினைத்தேன். சூடான கோப்பையை ஒருவர் இரண்டு கையாலும் பிடிப்பாரா? படியில் இறங்கும்போது வேறு தூணைப் பிடித்தார். தகப்பனுக்கு என்றால் நாளைக்கு மகனுக்கு, அதற்குப் பிறகு என் பேரப்பிள்ளைக்கு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்பார்கள். அந்த ஆயிரமும் என் தலையிலா விடிய வேண்டும்?

ஆனாலும் சாக்குக்குள் கைவிட்டுப் பார்க்காமல் முடிவெடுப்பது என் பழக்கமில்லை. சனிக்கிழமை மத்தியானம் கூழுக்கு வாருங்கள் என்று அவர்களைக் கூப்பிட்டேன்.

கூழ் எதற்கென்று யாழ்ப்பாணத்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கிண்ணத்தில் கொடுத்தால் கீழே வைத்துவிடலாம். பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் வார்த்தால் வைக்க முடியாது. குடித்து முடியும்வரை கையில் ஏந்திக்கொண்டுதான் இருக்க வேண்டும். விளிம்பு முட்ட, கொதிக்கக் கொதிக்க வார்த்தால், விரலில் ஒரு சின்ன உதறல் இருந்தாலும் மடியில் கொட்டும். எந்த வைத்தியரும் இதைவிட நல்ல பரிசோதனை செய்ய மாட்டார்.

நண்டு, றால், கணவாய், பலாக்கொட்டை, பயிற்றங்காய் எல்லாம் போட்டு பனங்கிழங்கு ஒடியல்மா கரைத்துப் பெரிய பானையில் காய்ச்சினேன். என் மனுசன் குசினி வாசலில் வந்து நின்றார்.

"கோப்பையிலை குடுக்கலாமே, இஞ்சேர்."

"கூழைக் கோப்பையிலை குடிக்கிறதெண்டால் வெள்ளைக்காரனைத்தான் கூப்பிட வேணும்" என்றேன். அவர் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

சிவகரன், தாய், தகப்பன், தங்கச்சி கீர்த்திகா எல்லாரும் வந்து மாமரத்துக்குக் கீழே கதிரைகளில் இருந்தார்கள். நான் முதல் பிளாவைத் தகப்பனின் கையில் கொடுத்து முட்ட வார்த்தேன். வார்த்துவிட்டு அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். மனிதர் ஊதி ஊதிக் குடித்தார். ஒரு துளி சிந்தவில்லை. "நல்ல உறைப்பு. இன்னொருக்கா வாருங்கோ தங்கச்சி" என்று வெறும் பிளாவை நீட்டினார். எனக்குப் பெரிய ஏமாற்றம்.

சிவகரனிடம் போனேன். அவன் எழும்பிவிட்டான். "மாமி, நீங்கள் இருங்கோ. நான் வாக்கிறன்" என்று அகப்பையை வாங்கிக்கொண்டான். எல்லாருக்கும் வார்த்துக்கொண்டு போனவன் என் மனுசனுக்கு மட்டும் அரைப் பிளாதான் வார்த்தான். என் வீட்டுக் கூழை என் மனுசனுக்கு அளந்து வார்க்க இவன் யார்? பிறகு அவருக்குப் பக்கத்துக் கதிரையில் நெருங்கி இருந்துகொண்டான். தனக்கு ஒரு பிளா எடுக்கவே இல்லை. கேட்டதற்கு, "பிறகு குடிக்கிறன் மாமி" என்று சிரித்தான்.

கீர்த்திகாவோடு இரண்டு கதை கதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், சிவகரனின் காற்சட்டை முழங்காலில் கூழ் கொட்டிக் கிடக்கிறது. அவன் கைலேஞ்சியால் அவசரமாகத் துடைக்கிறான். என் கண்ணைக் கண்டதும் லேஞ்சியோடு கையைக் கதிரைக்குப் பின்னால் கொண்டுபோனான்.

எனக்கு எல்லாம் விளங்கியது. தகப்பனுக்கு இல்லை, இவனுக்குத்தான். அதனால்தான் பிளா ஏந்தாமல் அகப்பையைப் பிடித்துத் தப்பப் பார்த்திருக்கிறான். அப்படியிருந்தும் கொட்டிவிட்டான். அவர்கள் போகும்போது வினோஜா வாசல் படலை வரை போய்ச் சிரித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

திங்கட்கிழமை, இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த தரகர் இளையதம்பிக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, உந்தச் சம்பந்தம் சரிவராது. சாதகத்திலை ஏதோ சிக்கல் எண்டு சொல்லி விடுங்கோ."

"என்ன சிக்கல் தங்கச்சி? நான் கொண்டுபோய்ப் பாத்த சாதகமெல்லோ?"

அவர் விடுகிற ஆளில்லை. நானும் அடக்கி வைக்கிற ஆளில்லை. "சாதகம் இல்லை, அண்ணை. அந்தக் குடும்பத்திலை நடுக்க வருத்தம். என்ரை கண்ணாலை கண்டனான்."

"நல்ல நேரம் சொன்னீங்கள். தங்கச்சிக்காரி கீர்த்திகாவுக்கும் அளவெட்டியிலை ஒரு இடம் பேசிக்கொண்டிருக்கிறன். மறைச்சுச் செய்தால் என்ரை பேரெல்லோ கெடும். அவைக்கும் ஒரு சொல்லுச் சொல்லத்தான் வேணும்."

"சொல்லுங்கோ. சொல்லாட்டித்தான் பாவம்" என்றேன். போனை வைத்தபோது மனம் லேசாக இருந்தது. என் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன். கூடவே யாரோ ஒரு அளவெட்டிப் பெடியனையும்.

வினோஜா பள்ளிக்கூடத்தால் வந்து, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து முடியும்வரை பொறுத்திருந்தேன். பிறகு என் போனை எடுத்து அவனுடைய பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன்.

"அழாமல் கேள், பிள்ளை. உவனுக்கு வருத்தம். கை நடுங்குற வருத்தம். எல்லாத்தையும் தேடித் தேடி வாசிச்சிருக்கிறான். சனிக்கிழமை நானே பாத்தனான், காற்சட்டையெல்லாம் கூழ். தரகரிட்டை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்."

அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அவள் என்னை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"கூழ் ஆரின்ரை காற்சட்டையிலை கொட்டினது எண்டு பாத்தனீங்கள். ஆரின்ரை பிளாவிலையிருந்து கொட்டினது எண்டு பாக்கேல்லையோ அம்மா?"

எனக்கு விளங்கவில்லை. அவள் குனிந்து போனில் 'நடுக்கம்' என்ற சொல்லின் பக்கத்தில் எதையோ தொட்டாள். "நீங்கள் அவர் சேர்த்ததை மட்டும் பாத்திருக்கிறீங்கள். இதைத் தொட்டால் இந்தக் குறிச்சொல்லை ஆர் ஆர் போட்டவை எண்டு எல்லாம் வரும். கீழை போய்ப் பாருங்கோ, முதல் சேர்த்தது ஆரெண்டு."

தள்ளிக்கொண்டு கீழே போனேன். சிவகரன், சிவகரன், சிவகரன். பிறகு வினோஜா. அதற்குக் கீழேயும் வினோஜா. அடியில் கிடந்த முதல் பக்கம் மாசி மாதத்தில் சேர்த்தது. தரகர் எங்கள் வீட்டுப் படியேறியது பங்குனியில்.

"உனக்கோ பிள்ளை?" என்று கத்திவிட்டேன்.

"எனக்குத்தான், கேதீஸ்."

என் மனுசன் அறை வாசலில் நின்றார். மெல்ல வந்து கதிரையில் இருந்தார். தோளில் கிடந்த சால்வையை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, வலக்கையை மேசையில் வைத்தார். அது தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையின் மூடி அதோடு சேர்ந்து கிலுகிலுத்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம். சத்தியமாகக் கோபம்தான்.

"தெல்லிப்பழைக்குத் தங்கச்சி வீட்டையெல்லோ போனீங்கள்?"

"ஆசுப்பத்திரிக்கு."

"அப்ப தாடி?"

"சேவ் எடுக்கேக்கை வெட்டுது."

ஊரிலுள்ள வீடுகளில் யாருக்கு இழுப்பு, யாருக்கு வலிப்பு, யார் எந்த மருந்து எடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரே பாயில் படுக்கிற மனுசனின் கை எனக்குத் தெரியவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இது முதுகுகூட இல்லை.

"கலியாணம் முடியுமட்டும் உனக்குச் சொல்ல வேண்டாமெண்டு நான்தான் பிள்ளையிட்டைக் கெஞ்சினனான்" என்றார். "தகப்பனுக்கு வருத்தமெண்டு தெரிஞ்சால் ஆர் கட்டுவினம்?"

"சிவகரனுக்கு நான் முதல் நாளே சொன்னனான்" என்றாள் வினோஜா. "மறைச்சுக் கட்டமாட்டன் எண்டு. அண்டையிலையிருந்துதான் அவர் தேடித் தேடிச் சேர்க்கிறார். அந்தக் குளியலறைக் கைபிடி எங்கடை குளியலறைக்கு. அளவும் எடுத்து வைச்சிருக்கிறார்."

"அவனுக்குச் சொன்னனீ. எனக்குச் சொல்லேல்லை."

"சொன்னால் நீங்கள் என்ன செய்வீங்கள் எண்டு அப்பாவுக்குப் பயம்."

"என்ன செய்வன்?"

"இப்ப செய்ததைத்தான்."

அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு அப்போதுதான் கீர்த்திகாவின் முகம் நினைவுக்கு வந்தது. கூழ் நல்லாயிருக்கு, எப்படிக் காய்ச்சுவது என்று என்னைக் கேட்ட பிள்ளை. போனை எடுத்துத் தரகரின் எண்ணை அழுத்தினேன்.

"இளையதம்பியண்ணை, சிவகரன் வீட்டுக்கும் அளவெட்டிக்கும் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ."

"சிவகரன் வீட்டுக்கு இன்னும் சொல்லேல்லை. அளவெட்டிக்கு இப்பதான் சொல்லிப்போட்டு வைச்சனான் தங்கச்சி. அவை யோசிக்கினமாம். யோசிக்கினம் எண்டால் விளங்கும்தானே."

"அது பிழை, அண்ணை. நான் பிழையா விளங்கிப்போட்டன். அந்தப் பிள்ளையின்ரை வீட்டிலை ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. திரும்ப எடுத்துச் சொல்லுங்கோ."

"உப்பிடி மாறி மாறிச் சொன்னால் ஆர் நம்புவினம்? நெருப்பில்லாமல் புகையாது எண்டுதானே சொல்லுவினம். கண்ணாலை கண்டனான் எண்டு சொன்னது நீங்கள். வருத்தம் அங்கை இல்லையெண்டால் எங்கை எண்டு கேப்பினம்."

வினோஜா என் தோளைத் தொட்டாள். "அம்மா, சிவகரன்ரை தாய் தேப்பனுக்கு அப்பாவின்ரை கதை இன்னும் தெரியாது. சிவகரன் தானே பொன்னுருக்கலுக்கு முதல் அவையை இருத்தி வைச்சுச் சொல்லுறன் எண்டவர். இப்ப தரகர் வாயாலை போனால்..." தரகர் வாயால் போனால் கலியாணம் நிற்கலாம். இந்த முறை நிற்கப்போவது என் பிள்ளையின் கலியாணம். சொல்லாமல் விட்டால் கீர்த்திகாவினது.

என் மனுசன் வேண்டாம் என்று தலையாட்டினார். நான் மகளைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொல்லுங்கோ என்று மெல்லத் தலையசைத்தாள்.

"தங்கச்சி, லைனிலை இருக்கிறீங்களோ? எந்த வீட்டிலை எண்டு நான் சொல்ல?"

மேசையில் கிடந்த அந்தக் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். இறுக்கிப் பிடித்தும் அது நிற்கவில்லை.

"எங்கடை வீட்டிலை, அண்ணை" என்றேன். "அச்சுவேலிக் கேதீஸ்வரி வீட்டிலை. என்ரை பேரைச் சொல்லியே சொல்லுங்கோ."